விரலுக்குத் திறக்கும் தட்டுகள்

முதலில் அது அசைந்தபோது செலீன் குளிரின் மேல்தான் பழியைப் போட்டாள்.

மார்ச் மாதத்துப் பின்னேரம். அஜின்கோர்ட் என்ற புறநகரில் தொழிற்கூடங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் ஒரு சந்தின் கடைசிக் கதவு அவர்களுடையது. கூரையில் தொங்கிய ஹீட்டர் அப்போதுதான் உறுமத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கூடத்தில் விநாயகமூர்த்தி மிக்சர் பொரிக்கும் எண்ணெய் மணமும், கறிவேப்பிலை படபடவென்று வெடிக்கும் சத்தமும் மெல்லிய சுவரைத் தாண்டி வந்து, இரும்பும் கிரீசும் மணக்கும் இந்தக் குளிருக்குள் ஒரு வீட்டுக் குசினியைக் கொண்டுவந்து வைத்தன. அவள் எஞ்சினின் வால்வுகளுக்கிடையே ஒரு மெல்லிய உருக்குத் தகட்டைச் செருகி இடைவெளி பார்த்து முடித்தாள். கையைத் துடைத்தாள். வருடக்கணக்காகச் செய்த பழக்கத்தில், யோசிக்காமல், வெறும் இருக்கையைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினாள்.

எஞ்சினின் உச்சியில், காற்றை உள்ளே விடும் இரண்டு பித்தளைத் தட்டுகள் மெல்லத் திறந்தன.

அவள் கையைக் கீழே விட்டாள். தட்டுகள் மூடிக்கொண்டன.

கம்பி குளிரில் சுருங்கியிருக்கும் என்று நினைத்தாள். அந்தத் தட்டுகளை ஓட்டுபவரின் மிதியோடு இணைப்பது அந்தக் கம்பிதான். யாராவது மிதித்தாலொழிய அது இழுபடாது.

தெருவில் ஓடும் கார் அல்ல அது. கால் மைல் தூரத்தை நேர்கோட்டில் ஓடி முடிப்பதற்கென்றே கட்டியது. ஏணியைப் படுக்க வைத்ததுபோல நீண்ட இரும்புச் சட்டம். அதன் மேல் எஞ்சின். எஞ்சினுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கும் பின்னால், தொட்டில் மாதிரி ஓர் இருக்கை. அதில் இருப்பவர் இரண்டு கால்களையும் பின் அச்சுக்கு மேலால் நீட்டி, தகடு மூடிய ஓர் இருட்டுக்குள் விடவேண்டும். கால் என்ன செய்கிறது என்பதை அவராலேயே பார்க்க முடியாது. எஞ்சின் எதைத் துப்பினாலும் அது அவருடைய முகத்துக்குத்தான் வரும். அதனாலேயே மற்றவர்கள் எஞ்சினைப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பல வருடங்களாகிவிட்டன. பழசைக் கைவிடாத சிலர்தான் இன்னும் இப்படி ஓடினார்கள். அவளுடைய புருஷன் அகஸ்ரின் அவர்களில் ஒருவன். "முன்னுக்கு நிண்டு கத்தாத எஞ்சின் என்னத்துக்கு?" என்பான்.

அவன் ஓட்டுவான். எஞ்சினைச் சுதி சேர்ப்பது அவள். பிரேக் உதிரிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவளுக்கு இரும்பின் சத்தத்தில் எது சரி, எது பழுது என்று பிரித்தறியும் காது வாய்த்திருந்தது. எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஆகவே கைப்பாஷை. ஒரு விரல் என்றால் கொஞ்சம் மிதி. இரண்டு என்றால் இன்னும். பொத்திய கை என்றால் விடு.

"வீட்டிலை ஒரு சொல்லுக் கேளாத மனுசன், இஞ்சை வந்தா விரலுக்கு ஆடுறார்" என்று அவள் சொல்லுவாள்.

"வீட்டிலையும் ஒருக்கா விரலைக் காட்டிப் பாருமன்."

போன ஜூலையோடு அந்தப் பேச்செல்லாம் முடிந்துபோனது.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் நேரே அங்கேதான் போனாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் எஞ்சினுக்கு முன்னால் நின்று, இருக்கையைப் பார்த்து, ஒரு விரலை உயர்த்தினாள்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு பூனை கால் வைப்பதுபோல, மெதுவாக, தட்டுகள் திறந்தன.

அந்தத் தாமதம். அந்த மென்மை. மிதிப்பதற்கு முன் ஒரு மூச்சு எடுக்கிற கால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்தினாள். நெடுநேரம் அழுதாள். எழுந்து இரண்டு விரலைக் காட்டினாள். தட்டுகள் இன்னும் திறந்தன. கையைப் பொத்தினாள். மூடின. அழுகைக்குள் சிரிப்பு வந்தது.

யாருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் போனாள். சில நாள் தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு விரலைக் காட்டுவாள். சில நாள் ஒன்றும் சொல்லமாட்டாள். கல்லறையில் பூ வைக்கப் போனபோது கிடைக்காத ஒன்று அந்தப் பித்தளைத் தட்டுகளின் சின்ன 'டிக்'கில் கிடைத்தது.

சில கிழமைகள் போனபிறகுதான் வேறு சிலதைக் கவனித்தாள். தட்டுகள் திறக்கும்போது உள்ளேயிருந்து ஒரு மணம் வந்தது. பொசுங்கிய துணியின் மணம். விநாயகமூர்த்தியின் தாச்சியில் ஏதோ கருகுகிறது என்று தனக்குத்தானே சொன்னாள். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, அவருடைய கூடம் பூட்டிக் கிடந்தது. கையைப் பொத்தினால் முன்னர் உடனே மூடிய தட்டுகள் இப்போது ஆறுதலாக, நேரமெடுத்து மூடின. பிறகு இன்னும் ஆறுதலாக. ஒருநாள் அவள் விளக்கைப் போட்டபோது, மற்றக் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருக்க, தட்டுகள் முழுதாகத் திறந்து நின்றன.

காத்திருந்ததுபோல.

றெஜினோல்ட் வந்தது அந்தக் கிழமைதான். அகஸ்ரினின் தம்பி. தாயோடு அபார்ட்மென்ற் ஒன்றில் இருந்தான். காரில் பாதி அவனுடைய உழைப்பு.

"மச்சாள், மே மாசம் முதல் ஓட்டம். பேர் குடுத்திட்டன்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?"

"அண்ணை இருந்தா என்னைத்தானே ஏத்தியிருப்பார்."

"அண்ணை இருந்தா உம்மை ஏன் ஏத்துறார்?"

அவன் சிரிக்கவில்லை. "நீங்கள் சுதி பாக்காட்டி வேற ஆளிட்டைக் கொண்டுபோவன். எனக்கு அவரின்ரை கார் சும்மா நிண்டு துருப்பிடிக்கிறதைப் பாக்கேலாது."

அன்றிரவு அவனுடைய தாய் மரியம்மா தொலைபேசி எடுத்தாள். "ஒண்டைக் குடுத்திட்டன், பிள்ளை. மற்றதையும் அந்தக் காருக்குக் குடுக்கச் சொல்லி என்னைக் கேளாதை."

"நான் மறிக்கிறன், மாமி."

"நீ மறிச்சா நிப்பான். நான் சொன்னா நிக்கான்."

தடுத்தால் அவன் காரை முன்பின் தெரியாத ஒருவனிடம் கொண்டுபோவான். ஆகவே அவள் வேறு வழி யோசித்தாள். அந்த எஞ்சினை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு முதல் தடவை இருந்தவர்கள் எவரும் வந்த முகத்தோடு எழும்பியதில்லை. அகஸ்ரினே முதல் நாள் வெளியே போய் வாந்தி எடுத்தவன். றெஜியும் ஒருதரம் இருந்து பார்க்கட்டும். பயந்து போவான். அத்தோடு முடியும்.

வெறும் இருக்கை அல்ல அது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அவனை வரச்சொன்னாள். அகஸ்ரின் தன் தம்பிக்கு என்ன செய்துவிடப் போகிறான்?

சனிக்கிழமை மத்தியானம், வானம் வெள்ளையாக இறங்கி நின்று பனி தூவிக்கொண்டிருந்தபோது, அவர்கள் காரின் பின்பகுதியை உயர்த்திச் சக்கரங்கள் நிலத்தில் படாமல் முட்டுக் கொடுத்தார்கள். புகை வெளியேறுவதற்காகப் பெரிய கதவை மேலே சுருட்டிவிட்டார்கள். விநாயகமூர்த்தி மா அப்பிய கையோடு எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, போடமுந்தி ஒரு சொல்லுச் சொல்லும். போன வருசம் உம்மடை மனுசன் போட்ட போடிலை என்ரை பகோடா எல்லாம் தட்டிலையிருந்து நடந்து போட்டுது."

"இப்ப போடப்போறம், அண்ணை."

"அப்ப நான் ரீ குடிச்சிட்டு வாறன்" என்று தன்னுடைய காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

றெஜி குளிர்ச் சட்டையோடு இருக்கைக்குள் இறங்கினான். செலீன் தாங்கியில் மெதனோல் ஊற்றினாள். தண்ணீர் மாதிரி இருந்தது. கூர்மையான இனிப்பு மணம். இந்தக் கார் பெற்றோலில் ஓடுவதில்லை. எரியும்போது மெதனோல் கண்ணைக் கரிக்கும். அதன் பக்கத்தில் நின்று அழுதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

ஜூலையிலும் இதுதான் நடந்தது. ஓட்டம் முடிந்து, வேகத்தை அடக்கும் பரசூட் குடை பின்னால் விரிந்து, கார் தூரத்தில் ஓய்ந்து நின்றது. நல்ல வெயில். அகஸ்ரின் இருக்கையிலிருந்து கையை உயர்த்தி அசைத்தான். வென்றுவிட்டான் என்று அவள் நினைத்தாள். சிரித்துக்கொண்டு தானும் கையை அசைத்தாள். பகல் வெளிச்சத்தில் மெதனோல் நெருப்புக்கு நிறமில்லை, புகையில்லை. குழாய் ஒன்று கழன்று அவன் மேல் எல்லாம் கொட்டியிருந்தது. அவன் எரிந்துகொண்டு கை காட்டினான். அவள் கை காட்டிக்கொண்டே நின்றாள்.

காதுமூடியை மாட்டிக்கொண்டு ஸ்ராட்டரை அழுத்தினாள்.

எஞ்சின் பிடித்தது. நிலம் அதிர்ந்தது; சுவரில் தொங்கிய சாவிகள் ஒன்றோடொன்று மோதி ஆடின; அவளுடைய விலா எலும்புகளுக்குள் ஒரு கை புகுந்து உலுப்பியது. நடுங்கும் காற்றுக்கு அப்பால் றெஜியின் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்தது. பயந்த முகம். நல்லது என்று நினைத்தாள்.

ஒரு விரல்.

ஒரு மூச்சு நேரம். பிறகு, மெதுவாக, பூனையின் கால்.

றெஜி எதையும் குத்தி மிதிக்கிறவன். இது அவனல்ல. அவள் இரண்டாவது விரலை உயர்த்தினாள், உயர்த்தியிருக்கக் கூடாது. சத்தம் ஏறியது. அவள் கண்ணை மூடி, அந்தக் காலை, அந்த ஒரே காலைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கண்ணைத் திறந்தபோது றெஜி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி இல்லை, இல்லை என்று அசைத்துக்கொண்டிருந்தான். முழங்கால்கள் நெஞ்சோடு. இரண்டு பாதங்களையும் இருட்டிலிருந்து இழுத்தெடுத்து இருக்கையின் விளிம்பில் வைத்திருந்தான்.

கையைப் பொத்தினாள்.

தட்டுகள் மூடவில்லை.

மீண்டும் பொத்தினாள். இரண்டு கைகளையும் பொத்தினாள். சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. தட்டுகள் விரியத் திறந்து நின்றன. பொசுங்கிய துணி மணம். அவள் எரிபொருள் வால்வுக்குப் பாய்ந்தாள். திருகினாள். குழாய் கழன்றது. தண்ணீர் மாதிரி மெதனோல் பின்னோக்கிச் சீறியது, றெஜியின் மேல், முகத்தில், மார்பில். எஞ்சின் இருமியது. நின்றது.

அமைதி காதுக்குள் விசில் அடித்தது. அவள் காதுமூடியைப் பிடுங்கி எறிந்தாள். றெஜி தவண்டு வெளியே விழுந்தான்.

"மச்சாள், நான் மிதிக்கேல்லை. சத்தியமா, நான் மிதிக்கேல்லை."

"தெரியும்."

"உள்ளுக்கை ஒரு கால் கிடந்தது. என்ரை காலுக்குப் பக்கத்திலை. அது..." அவனுக்குப் பல் கிட்டியது.

அவள் அவன் கன்னத்தைப் பிடித்தாள். ஈரமாக இருந்தது. "இனி இதிலை இருக்கமாட்டன் எண்டு சொல்லும்."

"ஓம். ஓம், மச்சாள். எனக்கு வேண்டாம். ஒண்டும் வேண்டாம்."

"அம்மாவிட்டை நீரே சொல்லும். இண்டைக்கே."

அவன் தலையாட்டினான். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி, சுருட்டிய கதவுக்கு வெளியே பனிக்குள் போனான். அவளுடைய காதுக்கு அந்தக் கடைசிச் சொல் எட்டவில்லை. பரவாயில்லை. மரியம்மாவின் பிள்ளை நடந்து போகிறான். உயிரோடு போகிறான். அவள் காரின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நெடுமூச்சு விட்டாள்.

பிறகுதான் மேலே பார்த்தாள். எஞ்சின் செத்துக் கிடந்தது. தட்டுகள் இன்னும் திறந்தே இருந்தன.

"போதும்" என்றாள் மெதுவாக. "விடுங்கோ, அகஸ்ரின். அவன் சின்னவன்."

கையைப் பொத்தினாள்.

இருக்கையிலிருந்து ஒரு கை எழுந்தது.

கறுத்திருந்தது. கையுறையா, தோலா என்று தெரியவில்லை. அது அவளுடைய பாஷையில்தான் பேசியது. ஒரு விரல்.

அவளுக்குக் காட்டவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால், அப்பால் காட்டியது.

அவள் திரும்பினாள்.

றெஜி பனிக்குள் இவர்களைப் பார்த்தபடி நின்றான். வாயில் சிகரட். கையில் லைற்றர். முகத்தில் ஒன்றுமில்லை, நித்திரைக்காரனின் முகம். அவனுடைய பெருவிரல் ஒரு மூச்சு தாமதித்து, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே அழுந்தியது.

பிடிக்கவில்லை.

அவள் கத்தினாள். தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓடினாள். பின்னால் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு விரல்.

பெருவிரல் மறுபடி அழுந்தியது.

ஒன்றும் தெரியவில்லை. ஒரு பொறிகூட இல்லை. சந்து முழுவதும் பனி விழுந்தது. குப்பைத் தொட்டியின் மேல், விநாயகமூர்த்தியின் வாசற்படியில், அவளுடைய கண்ணிமைகளில் விழுந்தது. றெஜியின் மேல் மட்டும் விழவில்லை. அவனுடைய தோளுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் ஒவ்வொரு துளியும் இல்லாமல் போனது.

அவன் விழித்துக்கொண்டவன்போல அவளைப் பார்த்தான். வாய் திறந்தது. கையை உயர்த்தி அசைத்தான்.