கடைசித் தொட்டி

தண்ணீர் வடிந்த இடத்தில் சுவர் காய்ந்திருந்தது.

அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். இதென்ன கூத்து என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். சற்று முன்புவரை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த கருங்கல். பாசி வழிய வேண்டாமா, சொட்டச் சொட்ட நிற்க வேண்டாமா? கோடை முழுக்க வெயிலில் கிடந்த கல்லாட்டம் வெளுத்திருந்தது. விரலால் தேய்த்தால் தூசி வந்தது. தூசி! விரலை முகர்ந்தாள். பல வருடம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாடை.

அந்தப் பழைய கால்வாய் ஒரு குன்றின்மேல் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. ரயில் வருவதற்கு முந்தைய காலத்தில் நிலக்கரியும் செங்கல்லும் கொண்டுபோக வெட்டியது. ஒவ்வொரு படியிலும் ஒரு கல் தொட்டி. தொட்டிக்கு முன்னும் பின்னும் கனத்த மரக்கதவு. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடிவிட்டு, முன்கதவின் அடியில் உள்ள மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும். தண்ணீரோடு படகும் இறங்கும். அடுத்த படியின் மட்டத்துக்கு வந்ததும் முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடலாம். இன்றைக்குச் சரக்கும் இல்லை, சரக்கேற்றினவர்களும் இல்லை. விடுமுறைக்கு வருகிற குடும்பங்கள் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அந்த நாள் படகோட்டிகள் போன வழியிலேயே சாவகாசமாகப் போகிறார்கள்.

இவர்களும் அப்படித்தான் வந்தார்கள். அவள், கணவன், நாலு வயது மகள். மகளுக்குப் பெயர் என்னவோ அழகாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஓர் இடத்தில் உட்காராத பிள்ளையை வாலு என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பினால் வாசற்கதவைக் கட்டிக்கொண்டு தெருவே கேட்கும்படி அழுகிற பிள்ளை. அந்த அழுகை சாயங்காலம்வரை அவள் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகவே, மேலதிகாரியின் முகச்சுளிப்பையும் பார்த்துக்கொண்டு, லீவு போட்டு வந்தாள். இந்த நாட்களிலாவது பிள்ளையை விட்டு ஒரு நிமிடம் பிரியக்கூடாது என்று நினைத்திருந்தாள்.

ஆனால் படகுக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லியிருந்தார். "தொட்டிக்குள்ள போறப்ப படகுல ஒரே ஆள்தான் இருக்கணும். குழந்தை இருக்கவே கூடாது. கரையில இறக்கி விட்டுடுங்க." அதன்படி கணவன் படகில் இருப்பான். இவள் வாலுவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்று மதகின் கைப்பிடியைச் சுற்றுவாள். எல்லாத் தொட்டியும் அப்படியே கடந்தாயிற்று. இது கடைசி. இதைத் தாண்டினால் படகுக்காரரின் ஷெட்டு, அப்புறம் வீடு. அப்போது பார்த்து, "இந்த ஒண்ணையாவது நான் ஓட்டறேங்க" என்று ஆசைப்பட்டாள். யார் கேட்டார்கள் அவளை! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இப்போது தொட்டிக்குள் அவள் மட்டும். மேலே கரையில் கணவன் கைப்பிடியைச் சுற்றுகிற சத்தம், கடக், கடக் என்று. முன்கதவின் அடியில் தண்ணீர் பீறிட்டு ஓடுகிற இரைச்சல். சாயங்கால வெயில் எதிர்ச்சுவரின் மேல்விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டையாக ஒட்டியிருந்தது. படகு மெல்ல, குலுங்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, டாட்டா!" என்று வாலு விளிம்பிலிருந்து கையாட்டினாள்.

"அப்பா கையை விடாதே!" என்று இவள் பதிலுக்குக் கத்தினாள்.

இரைச்சல் குறைந்தது. பிறகு நின்றது. மேலே கைப்பிடிச் சத்தமும் நின்றது. அந்த அமைதியில் இஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் இருமிவிட்டு, அதுவும் ஓய்ந்துபோயிற்று.

சுவர் நிற்கவில்லை. கல்லுக்குமேல் கல்லாக, அவள் கண்ணெதிரே, சத்தமில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க! மதகை மூடுங்க!"

"ஏன்? வடிஞ்சே முடிஞ்சுடுச்சும்மா. இரு, கதவைத் திறக்கறேன்."

"முடியலீங்க. இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கு."

"எங்க இறங்குது? என் காலுக்குக் கீழதானே நிக்கறே. குனிஞ்சா உன் தலையைத் தொட்டுடுவேன்."

குரல் காதோரத்தில் கேட்டது. அவன் நிஜமாகவே பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் அவன் ஏதோ மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தான். முகம் ஒரு காசு அளவுக்கு இருந்தது.

அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். நாளெல்லாம் எழுத்துப் பலகையைக் காட்டி, இப்போது தெரிகிறதா, இப்போது, என்று ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்கிற வேலை. எது எவ்வளவு தூரம் என்று அவள் கண் பொய் சொன்னதே கிடையாது.

"நான் ரொம்பக் கீழ இருக்கேங்க. சத்தியமா. நீங்க சின்னதாத் தெரியறீங்க."

"அட, கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கே கண்ணைச் சோதிக்கணும் போலிருக்கே!" அவன் சிரித்தான். அப்பா சிரித்ததால் வாலுவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இரண்டு சுவருக்கும் நடுவே உருண்டு உருண்டு இறங்கி, அவளைத் தாண்டிப் படகுக்கு அடியில் எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது.

சுவரோடு பதித்த இரும்பு ஏணி ஒன்று இருந்தது. எல்லாத் தொட்டியிலும் இருக்கும், விழுந்தவர்கள் ஏறி வர. அவள் தாவிப் பிடித்தாள். இரும்பும் காய்ந்திருந்தது, துருகூட இல்லை. ஏறினாள். படியைப் பிடி, காலை வை, அடுத்ததைப் பிடி. மேலே பார்க்காதே, ஏறிக்கொண்டே இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது, உள்ளங்கை எரிந்தது, பச்சை ஸ்வெட்டருக்குள் வியர்வை முதுகில் ஓடியது. அப்புறமும் ஏறினாள். கை இனி முடியாது என்று உதறிக்கொண்டபோது, மூச்சு வாங்க ஒரு காலைக் கீழ்ப்படிக்கு இறக்கினாள்.

கால் படகின் தளத்தில் பட்டது.

அடக் கடவுளே. இவ்வளவு நேரமும் அவள் ஏறவே இல்லையா? மேலே வானம் ஒரு நாடா அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. வெயில் பட்டை எங்கேயோ போய்விட்டது. அந்த நாடாவில், சாயங்காலமே இன்னும் முடியாதபோது, ஒரு நட்சத்திரம் தெரிந்தது.

அவள் அழுதுவிட்டாள். கூச்சமெல்லாம் போய், பிள்ளையைப்போல் வாய்விட்டு அழுதாள். "என்னை மேல தூக்குங்க. எனக்கு ஓட்ட வேணாம். ஒண்ணும் வேணாம். பயமா இருக்குங்க, தூக்கிடுங்க."

கணவன் குரலில் கிண்டல் போயிற்று. "ஏய், ஏய், என்னம்மா இது? அழாதே. படகு இங்கயே கெடக்கட்டும். ஷெட்டு இதோ தெரியுது, படகுக்காரர் வந்து எடுத்துக்குவார். நீ கையைக் குடு."

அவள் கையை உயர்த்தினாள். நுனிக்காலில் எக்கி நின்று, விரல்களை விரித்து நீட்டினாள். அங்கே, எட்டாத உயரத்தில், தீக்குச்சி அளவுக்கு அவன் கை கீழ்நோக்கி நீண்டது.

"ம். புடிச்சுட்டேன்."

அவள் கை காற்றில் இருந்தது.

"என்ன இப்படிச் சில்லுனு இருக்கு உன் கை! ஒரு காலைச் சுவத்துல வை. ஆங். ஏறு."

"நீங்க என்னைப் புடிக்கல," என்றாள் அவள். "ஏங்க, நீங்க புடிச்சது என் கை இல்லீங்க!"

மேலே ஒரு பெண் சிரித்தாள். "மெதுவா, மெதுவா. செருப்பு வழுக்குது, விட்டுடாதீங்க."

அவள் குரல். அவளுடைய சொந்தக் குரல். ஜலதோஷம் விட்டும் விடாத அந்தக் கரகரப்புகூட அப்படியே.

பச்சையாக ஏதோ ஒன்று விளிம்பைத் தாண்டி ஏறியது. எழுந்து நின்றது. முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கணவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவன் பேச்சு இப்போது அந்த இன்னொருத்தியோடு மட்டும்தான் நடந்தது.

"எப்படிப் பயந்துட்டே! இப்பப் பரவாயில்லையா?"

"ஒண்ணுமில்லீங்க. தலை சுத்திடுச்சு. நீங்க போய்ப் படகுக்காரரைக் கூப்பிடுங்க, நான் வாலுவைப் பார்த்துக்கறேன்."

அவன் காலடிச் சத்தம் சரளையில் நடந்து போயிற்று. போகாதீங்க. போகாதீங்க. அவள் சுவரை இரண்டு கையாலும் அறைந்தாள். கல் சத்தமே எழுப்பவில்லை.

அப்போது விளிம்பில் ஒரு சின்னத் தலை தெரிந்தது.

"அம்மா? நீ ஏன் அங்க இருக்கே?"

உயிர் வந்தது அவளுக்கு. "கண்ணு! என்னைத் தெரியுதா உனக்கு?"

"தெரியுது. குட்டியா இருக்கே."

"அப்பாவைக் கூப்பிடு தங்கம். அம்மா கீழ இருக்கேன்னு சொல்லு. சத்தமாச் சொல்லு!"

வாலு திரும்பிக் கத்தினாள். "அப்பா! அம்மா கீழ இருக்கா!"

தூரத்திலிருந்து அவன் சிரிப்பு வந்தது. "அம்மா உன் பின்னாலதான்டி நிக்கறா, வாலு!"

குழந்தை திரும்பி, பின்னால் நிற்கிறதைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"இவ அம்மா இல்ல. நீதான் அம்மா."

"ஆமாம் தங்கம். ஆமாம், ஆமாம்."

"அப்ப நானும் அங்க வரேன்."

ஒரு சின்னச் செருப்பு விளிம்புக்கு இந்தப் பக்கம் வந்தது. சிவப்புச் செருப்பு. அதற்குள் ஒரு கால்.

"வேணாம்! காலை எடு! வாலு, காலை எடு!"

"நீ புடிச்சுக்கோ."

"அம்மாவால புடிக்க முடியாது. ரொம்ப உயரம் கண்ணு, விழுந்துடுவே."

"நீ புடிச்சுக்குவே," என்றாள் வாலு. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது முழங்காலும் விளிம்புக்கு வந்தது.

பின்னால் நின்றது நகரவில்லை. இரண்டெட்டு வைத்தால் பிள்ளையைப் பிடித்துவிடலாம். பிடிக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. அது குழந்தையைப் பார்க்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அது கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் கருங்கல். அடியில் படகின் தளம். நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலை இறுக்கினாள்.

"நான் அம்மா இல்ல."

செருப்பு நின்றது.

"பொய்," என்றாள் வாலு.

"பொய் இல்ல. உங்கம்மா மேலதான் இருக்கா. அவகிட்ட போ."

"நீ அம்மா."

"இல்ல. எனக்கு உன்னைத் தெரியவே தெரியாது. போ."

"சத்தியமா?"

அவள் ஏணியின் இரும்புப் படியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியமா."

வாலுவின் உதடு பிதுங்கியது. அது அவ்வளவு உயரத்திலும் அவளுக்குத் தெரிந்தது. முழங்கால் பின்னால் போயிற்று. சிவப்புச் செருப்பு பின்னால் போயிற்று. அப்புறம்தான் அந்த அழுகை. வாசற்கதவைக் கட்டிக்கொண்டு அழுகிற அழுகை.

அப்புறம்தான் பின்னால் நின்றது கையை விரித்தது.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தது. தலையைத் தோளில் சாய்த்தது. முதுகைத் தட்டியது. ரெண்டு தட்டு, ஒரு தடவல். ரெண்டு தட்டு, ஒரு தடவல். அவள் தட்டுகிற மாதிரியே.

அழுகை தேய்ந்தது. விசும்பலாயிற்று. நின்றது.

பச்சை ஸ்வெட்டர் விளிம்புக்கு வந்தது. குழந்தையை ஏந்தியபடியே குனிந்தது.

"நல்லாப் பாரு கண்ணு. கீழ யாராவது இருக்காங்களா?"

வாலு எட்டிப் பார்த்தாள். நேராக அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் இரண்டு கையையும் உயர்த்தினாள். வாய் திறந்தது.

"இல்லம்மா," என்றாள் குழந்தை. "யாரும் இல்ல."