ஐரிஸ் நீந்தப் போன கரை

ஓரிகன் கடற்கரையில் இருந்த அந்த அரசுப் பூங்காவுக்குள் கார் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

"கூடாரம் போடலாம், நோரீன். மணல்மேட்டுக்குப் பக்கத்துல இடம் காலியா இருக்காம். படுத்தா அலைச் சத்தம் காதுக்குள்ளயே கேட்கும்" என்றான் வெண்டல்.

"அவளோட போட்ட அதே இடமா?"

அவன் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அதுவே பதில்.

ஐரிஸ் அவனுடைய முதல் மனைவி. கோடை தவறாமல் இருவரும் இங்கேதான் வருவார்கள். கடைசியாக வந்தபோது நீந்தப் போனவள் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நோரீன் அவனை மணந்து இரண்டு வருடமாகிறது. உயிரோடு இருப்பவள் என்றால் குறை கண்டுபிடிக்கலாம். ஐரிஸுக்கு நரை விழாது, சூப்பில் உப்பு அதிகமாகாது, கோபமே வராது.

"கேபின்தான் வேணும். கூரை, கதவு, கட்டில். நீங்க ரெண்டு பேரும் கால் வைக்காத இடம்" என்றாள் நோரீன்.

அலுவலகத்தில் இருந்த பெண் சாவியை நீட்டினாள். "தண்ணி கிட்டப் போகாதீங்க. அலைக்குள்ள பெரிய பெரிய மரக்கட்டையா உருளுது."

மாலையில் வெண்டல் விறகு வாங்கக் கிளம்பினான். கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. கேபின் கட்டிலில் வெறும் மெத்தைதான். நோரீன் இரண்டு படுக்கைப் பைகளையும் விரித்து, ஜிப்பை இழுத்து ஒன்றாக இணைத்தாள். தலையணைகளை ஒட்டிவைத்தாள். தண்ணீர் பிடிக்க வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது கேபினுக்குள் கடற்பாசி வாடை.

கட்டிலில் வெண்டலின் பை மட்டும் விரிந்து கிடந்தது. அவளுடையது அழகாகச் சுருட்டப்பட்டு வாசலோரம் வைக்கப்பட்டிருந்தது, வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறவளின் மூட்டை போல.

அவன் தலையணையில் ஒரு ஈரப் பள்ளம்.

யாரோ தலைவைத்துப் படுத்த பள்ளம்.

பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது அவளுக்கு. இங்கேயுமா?

"அவன் என் புருஷன்" என்றாள் வெற்றுக் கட்டிலைப் பார்த்து. "உன் காலம் முடிஞ்சு போச்சு."

கேபின் அமைதியாக இருந்தது. மரச்சுவர் ஒருமுறை முனகியது.

பிறகு, அவள் பிடரிக்குப் பின்னால், குளிர்ந்த மூச்சோடு ஒரு கிசுகிசுப்பு:

"யாரு சொன்னா?"

நோரீன் ஓடினாள். மணல்மேட்டில் விறகுக்கட்டு சிதறிக் கிடந்தது. அதைத் தாண்டிப் பனிமூட்டத்துக்குள், முழங்கால் அளவு நீரில், வெண்டல் நடந்துகொண்டிருந்தான். வலது கையை மடக்கி வைத்திருந்தான், யாரோ கைகோத்து வருவதுபோல. தலை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படியொரு சிரிப்பை அவள் ஒருநாளும் அவனிடம் பார்த்ததில்லை.

நீருக்குள் பாய்ந்து அவனுடைய இடது கையைப் பற்றி இழுத்தாள்.

எதிர்ப்பக்கமிருந்தும் இழுபட்டான்.

"விடுடி அவனை!" என்று எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினாள்.

அலை இடுப்பில் மோதியது. நோரீன் விடவில்லை. குதிகால் மணலில் புதையப் புதைய இழுத்தாள். சட்டென்று மறுபக்கப் பிடி தளர, இருவரும் கரையில் விழுந்தார்கள்.

வெண்டல் ஈரமணலில் எழுந்து உட்கார்ந்தான். "நீதானே கூப்பிட்டே? கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்னு... நீதானே?"

"கார்ல ஏறு."

கேபினுக்குத் திரும்பவில்லை. கூடாரம், பைகள், சாப்பாடு எல்லாம் அங்கேயே கிடக்கட்டும் என்று நோரீன் வண்டியை எடுத்தாள். பக்கத்து இருக்கையில் வெண்டல் கண்மூடிச் சாய்ந்திருந்தான். பூங்கா வாசலைத் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறி, கடல் கண்ணுக்கு மறைந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்னுடையவன். ஜெயித்துவிட்டேன்.

டிங்.

முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பின் இருக்கையில் இருப்பவர் சீட் பெல்ட் போடவில்லை என்ற எச்சரிக்கை.

டிங். டிங்.

பின் இருக்கையில் அவள் எதையுமே ஏற்றியிருக்கவில்லை. ஒரு பைகூட இல்லை. நோரீன் திரும்பவில்லை, கண்ணாடியிலும் பார்க்கவில்லை. வெண்டலின் விரல்களை இறுக்கிப் பிடித்தபடி சாலையையே பார்த்து ஓட்டினாள்.

பின்னால், நிதானமாக, பெல்ட் இழுபடும் சத்தம்.

க்ளிக்.

விளக்கு அணைந்தது.