பெருவிரலில் ஒரு வெள்ளைக்கோடு

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் நாகேஸ்வரனுக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து அவருக்கு ஒரே உத்தியோகம்தான். மனைவி சூடாமணியின் வக்கீல் அறையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்லும் கதையில் குற்றவாளியை அவளுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும். இதுவரை ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அதற்காக மனிதர் சளைத்துவிடவும் இல்லை.

அன்றைக்கு முதலில் மல்லிகை வாசனைதான் அறைக்குள் வந்தது. பின்னாலேயே உலகம்மாள் வந்தாள். கிழக்கேகோட்டையில் பூத்தொடுப்பவர்களின் கூட்டுறவுச் சங்கக் கூடத்தில் மாலை கட்டுகிறவள்.

"எங்க வீட்டுக்காரரு செத்துப் போயி ரெண்டு மாசம் ஆவல. அதுக்குள்ள அவரு பங்கு எனக்கில்லன்னு சங்கத்துல சொல்லுதாவம்மா. பங்கு இல்லாட்டிக் கூடத்துல உக்கார எடமில்ல. எடம் போச்சுன்னா எம் பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

"யாருக்குப் பங்குன்னு சொல்றா?"

"அவரு தம்பி வீரபாண்டிக்காம். பூ வேன் ஓட்டுதான். போன ஐப்பசில, கோயில் அல்பசி உத்சவத்தப்ப அவனுக்கு எழுதிவச்சு, கைநாட்டும் போட்டிருக்காராம்."

உறுப்பினர் தன் பங்கு யாருக்கென்று நியமிக்கலாம். ஆனால் சாட்சிகள் முன்னால் அவரே ஒப்பமிட வேண்டும். நியமனம் செல்லாது என்றால்தான் மனைவி மக்களுக்கு வரும். சூடாமணி இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாகேஸ்வரன் துள்ளி எழுந்தார்.

"கைநாட்டே போலி! தம்பிக்காரன் தன் விரலை வச்சிருக்கான்!"

"இல்லய்யா. ஒத்துப் பாத்தாச்சு. அவரு ரேகைதான்."

நாகேஸ்வரன் மெல்ல உட்கார்ந்தார். உலகம்மாள் தனக்குள் பேசுவது போலத் தொடர்ந்தாள்.

"உத்சவம் முடிஞ்ச கையோட வாதம் வந்து விழுந்தாரு. பேச்சில்ல, நெனவில்ல, அசைவில்ல. மாலை கட்டி உழைச்ச கை, கடைசில பச்சப்பிள்ள கை கணக்கா மெத்துன்னு ஆயிட்டு. வீரபாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தா அந்தக் கையப் பிடிச்சிக்கிட்டே இருப்பான். 'மதினி, நீங்க போயி சாயா குடிச்சிட்டு வாங்க'ம்பான். அம்புட்டுப் பாசமா இருந்தவன்!"

சூடாமணி அவளுடைய இடது கையை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைந்ததும் நாகேஸ்வரனுக்குக் கனவுக்குள் கால் வைத்த மாதிரி இருந்தது. துளசியும் பிச்சியும் அரளியும் குவிந்து கிடந்தன. தூறல் வெளிச்சத்தில் விரல்கள் மட்டும் அசைந்தன. இப்படி ஓர் இடத்தில் களவு நடக்கும் என்று அவரால் நம்பவே முடியவில்லை.

"எல்லாம் சட்டப்படிதான் கேட்டோ, வக்கீலே," என்றார் செயலாளர் குற்றாலலிங்கம். சாட்சிகளில் அவரும் ஒருவர். அருகில் வீரபாண்டி வண்டிச்சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

சூடாமணி அவரிடமிருந்து உறுப்பினர் பதிவேட்டையும் நியமனத் தாளையும் நீல மைப்பெட்டியையும் வாங்கினாள். மாலை கட்டிக்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் வெள்ளைத்தாளில் இடது பெருவிரலைப் பதிக்கச் சொன்னாள். கடைசியாக வீரபாண்டியையும் பதிக்க வைத்தாள்.

"என்ன தெரியறது, ஏன்னா?"

நாகேஸ்வரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "எல்லா ரேகையிலயும் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு ஓடறது. வீரபாண்டிக்கு மட்டும் இல்லை!"

"வாழைநாரை அந்த விரல்மேல போட்டுத்தான் முடிச்சை இறுக்கறா. தினமும் நார் அறுத்து விழுந்த தழும்பு. வேன் ஓட்டறவருக்கு ஏது? இதோ, உலகம்மாளோட வீட்டுக்காரர் உச்சிமாகாளி சங்கத்துல சேர்ந்தப்போ வச்ச கைநாட்டு. கோடு இருக்கு. இது உத்சவத்தப்போ வச்சதாச் சொல்ற கைநாட்டு. ரேகை அவரோடதுதான். கோட்டைக் காணோம்."

கூடத்தில் எல்லா விரல்களும் நின்றுவிட்டன.

"உத்சவத்துல ராப்பகலா மாலை கட்டின கை இது இல்லை. இந்தத் தழும்பு மறையணும்னா மாசக்கணக்கா நாரே தொடாம கிடந்திருக்கணும். அண்ணா நல்லா இருந்த காலமா ஒரு தேதி வேணும்னு உத்சவத்தை எழுதினேள். ஒரு மாலை கட்டியிருந்தாக்கூட அந்தத் தேதியை எழுதியிருக்க மாட்டேள், வீரபாண்டி. நினைவில்லாதவர் விரலைப் பிடிச்சு ஆஸ்பத்திரியில வச்சுப் பதிச்சது இது."

சாவி சுழலவில்லை. குற்றாலலிங்கம் நியமனத் தாளைத் தள்ளி வைத்தார். "அண்ணன் சம்மதிச்சாச்சுன்னு கொண்டுவந்தான். நம்பி ஒப்புப் போட்டேன், நான் நேர்ல பாக்கல," என்றார். அந்த நியமனம் செல்லாது, இடம் உலகம்மாளுக்குத்தான் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

உலகம்மாள் தாளை வாங்கவில்லை. கொழுந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சாயா குடிச்சிட்டு வந்தன்னைக்கு அவரு பெருவிரல்ல நீலமா இருந்திச்சு. ரத்தங் கட்டியிருக்குன்னு பதறி, தேங்காண்ணெயத் தொட்டு உருவி உருவி விட்டேன். நீ பக்கத்துலதானடே நின்ன? 'நல்லா உருவி விடுங்க மதினி, போயிரும்'னு சொன்னியே!"