ஹவில்தார் வீட்டுக் குளிர்

1986 சித்திரை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது தார் உருகி என் பூட்ஸில் ஒட்டியது. தோளில் ஹவில்தார் தங்கப்பழத்தின் டிரங்குப் பெட்டி. அவர் உடல் கிடைக்கவில்லை. வீட்டில் ஒப்படைக்க அது மட்டும்தான் மிச்சம்.

ரயில்வே கேட்டுக்கு அப்பால் கடைசி வீடு. வாசலில் கதவு இல்லை, பெயர்த்து எடுத்திருந்தார்கள். ஓட்டு இடுக்குகளில் புகை கசிந்தது.

"மயினி, நான் ராஜதுரை. அண்ணாச்சிகூட வேல பாத்தவன்."

"உள்ள வாங்க தம்பி. சத்தம் போடாதிய. இப்பத்தான் கண்ணசந்தாவ."

காலெடுத்து வைத்தேன்.

குளிர்.

நிழலின் குளிர்ச்சி அல்ல. பல்லின் வேர்வரை இறங்குகிற, நாங்கள் காவல் நின்ற சியாச்சின் பனிமலையின் குளிர். என் மூச்சு வெள்ளையாக மிதந்தது. மண்ணெண்ணெயும் கரிந்த மரமும் நாறின. நடுவீட்டில் கட்டில் கால்கள் எரிந்துகொண்டிருக்க, ஹவில்தாரின் மனைவி வள்ளித்தாய் அருகில் குந்தியிருந்தாள். புருவம் கருகி, உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"கதவு, பெஞ்சு, உலக்கை எல்லாம் போட்டாச்சு. அவியளுக்கு நடுக்கம் நிக்கல. வெறகுக்கு இனி எங்க போவேன்?"

சுவரோரம் போர்வைகளும் சேலைகளும் குவிந்து கிடந்தன.

குவியல் நடுங்கியது.

"அவியள ஏன் தனியா விட்டுட்டு வந்திய?" என்று கிசுகிசுத்தாள்.

சொன்னேன். இரவில் எங்கள் காலுறைகளைக் கழற்றச் சொல்லி, விறைத்த பாதங்களைத் தன் வயிற்றில் வைத்துச் சூடேற்றுகிற மனிதர் அவர். அன்று ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போனோம். வழக்கம்போல அவர்தான் முன்னால். பனி பிளந்து அவரை விழுங்கியது. அவருடைய பாரம் எங்களையும் விளிம்புக்கு இழுத்தது. கீழேயிருந்து கத்தினார்: "ஏலே, எல்லாரும் சாவ வேண்டாம்டே. நான் அறுக்கேன்."

மிச்சக் கயிறு அவரை எட்டவில்லை. விடியும்வரை குரல் கேட்டது. பிறகு இல்லை.

"அவியளாவா அறுத்தாவ?"

"ஆமா மயினி."

"அப்பம் என்னைய நெனைக்கவே இல்லியா?"

நெருப்பு தணிந்தது. குவியல் முன்னிலும் பலமாக உதறியது. வள்ளித்தாய் மண்ணெண்ணெய் டின்னை எடுத்தாள்.

"வெறகு இல்லன்னா என்ன? நான் இருக்கம்லா."

தலையில் கவிழ்த்துக்கொண்டு நெருப்பை நோக்கிப் பாய்ந்தாள். நான் எட்டும் தூரத்தில் இல்லை.

அவள் விழுமுன்னே நெருப்பு அணைந்தது.

ஒரு கங்குகூட மிஞ்சவில்லை. சாம்பல்மேல் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது.

என் காதருகே, பற்கள் கிட்டித்த குரல்:

"ராஜதுரை... இவள வெளிய கூட்டிட்டுப் போடே."

இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினேன். "அவிய உள்ள இருட்டுல கெடக்காவ! வெறைச்சிப் போவாவ! என்னைய விடுங்க!" என்று தெருவே நடுங்க அவள் கதறினாள்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கொப்புளங்களுக்கு மருந்து போட்ட டாக்டர், அவளுடைய வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது தீக்காயம் இல்லியே. என்னது?"

எனக்குத் தெரியும். பனியில் செத்த தோலின் கறுப்பு. ஐந்து விரல்கள் இறுக்கிப் பிடித்த தடம். நான் அவள் கையைத் தொடவே இல்லை.

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனேன். வள்ளித்தாய் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

நேற்று தடமில்லாத இடது மணிக்கட்டிலும் இப்போது அந்த ஐந்து விரல் தடம் இருந்தது.