சேகர் காரின் சிவப்பு மூடி

மூன்று நாளாக நின்ற இடத்தை விட்டு அசையாத காரின் முன்சக்கரம் சுட்டது. அமீர் ஜான் கையை வெடுக்கென்று இழுத்து உதறினான். வெளியே கார்த்திகை மாதத்து மூடுபனி பட்டறை வாசல் வரை வந்து நின்றிருந்தது. தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மற்ற மூன்று சக்கரங்களும் தொட்டால் விரல் விறைக்கும் அளவுக்குச் சில்லிட்டிருந்தன. இடது பக்க முன்சக்கரம் மட்டும் சூடாக இருந்தது. அதிலிருந்து, ஆட்டுத் தலையைத் தீயில் வாட்டும்போது மயிர் பொசுங்குமே அந்த வாடையும், அதற்கு அடியில் ஊசிப்போன கொழுப்பின் வாடையும் கலந்து வந்தது. 

ஏற்காட்டில் சீட் கவர் தைக்கவும், கார் கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டவும், வண்டிக்கு நகை நட்டுப் பூட்டவும் இருந்த ஒரே ஆள் அமீர் ஜான். இந்தக் கார் எஸ்டேட் முதலாளி மகன் சேகருடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகத் தவழுகிற வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதற்காகச் சேகர் சிங்கப்பூரிலிருந்து நான்கு சிவப்பு மூடிகளை வரவழைத்திருந்தான். சக்கரத்துக்குள் சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது காலிப்பர். அதன் முதுகில் மாட்டுகிற அழகுச் சாமான்தான் இந்த மூடி. பிரேக் பிடிக்க இதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை. செருப்புக்கு மருதாணி வைக்கிற மாதிரியான வேலை.

சேகர் உள்ளே வரவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றான்.

"ஏனுங்க, இந்தச் சக்கரம் சுடுதுங்களே. பிரேக்கு எதாச்சும் புடிச்சுக்கிச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க பாய். மூடிய மாட்டிருங்க. வெளிய தெரியாம இருந்தாச் செரி."

"என்னதுங்க தெரியக்கூடாது?"

சேகர் பனியைப் பார்த்தபடி பேசினான். "கரடியூர் ரோட்டுல என்னமோ ஒண்ணு குறுக்க வந்துச்சுங்க. ஏறி எறங்கிருச்சு. எறங்கிப் பாத்தா ரோட்டுல ஒண்ணுமே இல்லீங்க. அந்தச் சக்கரத்துல மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. கழுவுனேன். மக்யா நாளு விடிஞ்சு பாத்தா மறுபடியும் இருந்துச்சு. மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவுனேன். இன்னுங் கொஞ்சம் சேந்து இருந்துச்சுங்க."

சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டான். பணக்காரப் பிள்ளைகளுக்கு எந்த அசிங்கத்துக்கும் மேலே ஒரு மூடி போட்டால் போதும் என்று அமீர் ஜானுக்கு எரிச்சலாக வந்தது. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். மனைவி மைமூனுக்கு மாதம் நிறைந்துவிட்டது. இதற்கு முன் இரண்டு குழந்தைகள் மூச்சில்லாமலே பிறந்தன. இந்தக் குழந்தையாவது நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் முழுக்க அவனுக்கு வேறு நினைப்பே இருந்ததில்லை.

மூன்று சக்கரங்களை நொடியில் முடித்தான். நான்காவதைக் கழற்றினான்.

காலிப்பருக்கும் தட்டுக்கும் நடுவில் அது இருந்தது. கறுஞ்சிவப்பாக, ஈரமாக, பல் ஈறு போலத் தடித்து, மேலே குட்டை குட்டையாக முரட்டு மயிரோடு. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். பட்டை பட்டையாக உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதிய சதை தெரிந்தது. செத்த பிராணியின் சதை இப்படி இருக்காது. இன்னொரு முறை சுரண்டியபோது காலிப்பர் 'நறுக்'கென்று தட்டை இறுக்கியது. வண்டியில் யாரும் இல்லை. பிரேக்கை யாரும் மிதிக்கவில்லை. 

சுரண்டுவதை விட்டுவிட்டு அவசரமாக மூடியை வைத்துப் பொருத்தினான். சீட் கவர் தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு கையும் வேலையில் இருக்க, ஆணியையும் கிளிப்பையும் வாயில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுப்பார்கள். பதினைந்து வயதில் பழகியது. யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. கடைசிக் கிளிப் கை நழுவிக் காலிப்பரின் இடுக்கில் விழுந்தது. விரலை விட்டு எடுத்தான். இடது கையால் மூடியை அழுத்திப் பிடித்தபடி, எடுத்த கிளிப்பை வாயில் போட்டுக்கொண்டான்.

நாக்கில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. மயிர் குத்தியது. கொழகொழவென்று ஒரு துணுக்கு நாக்கின் மேல் தானாகப் புரண்டு உள்ளே போனது.

துப்பினான். கிளிப் வந்து விழுந்தது. அந்தத் துணுக்கு வரவில்லை. தொண்டைக்குள் விரல் விட்டு ஓங்கரித்தான். காலையில் குடித்த காபி வந்தது. மதியம் தின்ற சோறு வந்தது. கடைசியில் பச்சைப் பித்தநீர் வந்தது. அது மட்டும் வரவில்லை.

சாயங்காலம் சேகர் வந்து பார்த்தபோது நான்கு மூடிகளும் பளபளவென்று மின்னின. "இப்ப யாருக்குந் தெரியாதுங்க பாய்" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அமீர் ஜான் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு எதைத் தின்றாலும் அந்த ருசிதான். சோற்றில் பொசுங்கிய மயிர். தேநீரில் ஊசிய கொழுப்பு. வேப்பங்குச்சியால் தேய்த்தான், கல்லுப்பால் தேய்த்தான், கிராம்பை மென்றான், சலவைச் சோப்பைக்கூட ஒரு தடவை நாக்கில் போட்டுப் பார்த்தான். சவரக் கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்தால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஈறு தடித்திருந்தது. அதில் ஒரு கறுப்பு மயிர் முளைத்திருந்தது. பிடுங்கினான். மறுநாள் இரண்டு இருந்தன.

வீட்டில் மைமூனுக்கு முகம் கொடுக்காமல் தள்ளியே உட்கார்ந்தான். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள என்னமோ கருகுற வாடை வருதுங்களே?"

"பக்கத்து ஊட்டுல எதாச்சும் வெச்சிருப்பாங்க" என்று உள்ளங்கைக்குள் பேசினான். சொல்லியிருக்கலாம். எதை வாயில் போட்டுக்கொண்டேன் என்று நிறைமாதக்காரியிடம் எப்படிச் சொல்வது? நினைத்தாலே வெட்கமாக இருந்தது. ஒன்றை மட்டும் உறுதியாக முடிவு செய்துவைத்தான். பிறந்த குழந்தைக்குப் பேரீச்சம்பழத்தை மென்று வாயில் தடவுகிற வழக்கத்தைத் தான் செய்யக்கூடாது. சேலத்திலிருந்து மாமனார் சையத் இப்ராஹிம் வந்து செய்யட்டும். சொல்லி அனுப்பியும்விட்டான்.

மாமனார் வரவேண்டிய அன்றைக்கு மைமூனுக்கு வலி மத்தியானமே கண்டுவிட்டது. நர்ஸ் கிருஷ்ணம்மாள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அமீர் ஜான் வாசலில் நின்று பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்தான். பனி ஏறிக்கொண்டே வந்தது. எதிர்வீட்டு விளக்கு தெரிந்தது, மங்கியது, மறைந்தது. பஸ் வரவில்லை. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அவன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து அழுதான். உயிரோடு அழுகிற சத்தம். இரண்டு தடவையும் அவனுக்குக் கிடைக்காத சத்தம்.

"பொண்ணுங்க. நல்லா இருக்குது. உள்ள வாங்க" என்றார் கிருஷ்ணம்மாள். "மாமனாருக்குக் காத்திருக்காதீங்க. கொண்டை ஊசி வளைவுல மரம் உழுந்து கெடக்குதாம், போன்ல சொன்னாங்க. பஸ்ஸெல்லாம் கீழயே நிக்குது."

"அப்ப நீங்களே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி நாக்குல வெச்சுடுங்க" என்றான் கையால் வாயை மறைத்தபடி.

மைமூன் வெளிறிய முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். "பெத்த அத்தா நீங்க இருக்கீங்க. மொத ரெண்டுக்குந்தான் பழம் வெக்கக் குடுத்து வெக்கல. இதுக்கும் வெக்க மாட்டீங்களா? நீங்க வெச்சாத்தானுங்க நான் பால் குடுப்பேன். புள்ள தொண்ட காஞ்சு கத்துது பாருங்க."

அவன் புழக்கடைக்கு ஓடினான். உப்பு. வேப்பங்குச்சி. ஈறு கிழிந்து ரத்தம் வரும் வரை தேய்த்தான். கண்ணாடியில் பார்த்தான். மயிர் இல்லை. முதல் தடவையாக ஒன்றுகூட இல்லை. போய்விட்டதா? போய்த்தான் இருக்க வேண்டும்.

இருந்தாலும் பயம் விடவில்லை. முதுகைக் காட்டி நின்று, பேரீச்சம்பழத்தை மெல்லாமல் கட்டைவிரலால் நசுக்கி ஏமாற்றப் பார்த்தான். காய்ந்த பழம். நசுங்கவில்லை. பின்னால் குழந்தையின் அழுகை கம்மிக் கம்மி இழுத்தது.

வாயில் போட்டு மென்றான். பொசுங்கிய மயிர் ருசி. கண்ணை மூடிக்கொண்டான். எடுத்தான். குழந்தையின் சின்ன வாய்க்குள் விரலை விட்டு மேலண்ணத்தில் தடவினான்.

வாடை போயிற்று.

ஊதி அணைத்த மாதிரி. அவன் வாயில் பேரீச்சம்பழம் இனித்தது. வெறும் இனிப்பு. எச்சில் ஊறியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய் தன்னுடையதாக இருந்தது. அல்லாவே என்று நெஞ்சு நிறைந்தது.

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

விரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் ஈறு கவ்வியிருந்தது. இழுத்தான். இன்னும் இறுகியது. பல்லில்லாத வாய். பிறந்து அரைமணி ஆகாத வாய். எலும்பு நெரிந்தது.

சூடு ஏறியது.

"பாத்தீங்களா, எத்தன பசி அதுக்கு. உடவே மாட்டேங்குது" என்று மைமூன் சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

அவன் தோல் கருகத் தொடங்கியது. சின்ன உதடுகளின் ஓரத்தில் நூல் போல் புகை. குழந்தை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தபடியே இருந்தது. அவன் கத்த வாயைத் திறந்தான். இனிப்புத்தான் தொண்டையை அடைத்தது.

மைமூன் ரவிக்கையின் ஊக்கைக் கழற்றிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள்.

"போதுமுங்க. எங்கிட்டக் குடுங்க" என்றாள்.