ஐந்தாவது பேசி

கிளாடியஸ் கடைசியாகக் கேட்டது உப்பு. கஞ்சியில் காணவில்லை என்றான்.

"கடலுக்குத்தான போறீரு. கையை நனைச்சு நக்கிக்கிடும்" என்றாள் அவன் மனைவி ரெனிட்டா.

அவன் சிரித்துக்கொண்டே குடித்து முடித்தான். அவள் அவனுடைய பேசியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள்.

அது ஒண்டிப்பேசி. மலிவு. தனியாகக் கிடந்தால் மணி பார்க்கலாம், பேசலாம், அவ்வளவுதான். பக்கத்தில் வேறு பேசிகள் இருந்தால் ஒன்றிடமிருந்து ஒன்று கணிக்கும் திறனை இரவல் வாங்கும். பேட்டரியின் பலத்தையும் வாங்கும். நான்கைந்து சேர்ந்துவிட்டால் வரப்போகும் காற்றை முன்கூட்டியே கத்திச் சொல்லும், செயற்கைக்கோள் வரை குரல் கொடுக்கும். அதனால் புன்னைத்துறைப் படகுகளில் ஒரு வழக்கம் இருந்தது. கரையை விட்டதும் எல்லோருடைய பேசியும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகும். மீனைச் சமமாகப் பங்கு போடுகிறவர்கள், பேசி மட்டும் எப்படித் தனியாக இருக்கும் என்பார்கள்.

அன்று படகில் ஐந்து பேர். ஜெனிஷ் புதுமாப்பிள்ளை. மாமனார் வீட்டில் அவனுக்குப் பெரிய கம்பெனி பெயர் போட்ட, விலை கூடிய முத்திரைப்பேசி போட்டிருந்தார்கள். ஒண்டிப்பேசி அதற்கு ஈடாகுமா என்று டீக்கடையில் ஒரு வாரமாகச் சண்டை.

"மாப்பிள, இதை வித்தா ஒரு படகு வாங்கலாம்போல" என்றான் கிளாடியஸ்.

"இது ஒத்தையா நின்னே செயற்கைக்கோளைக் கூப்பிடும்ண்ணே. டப்பால வேண்டாம், கவிச்சி ஏறிரும்."

"படகுல என்னலே ஒத்தை? பொண்டாட்டி மட்டுந்தான் உனக்குத் தனி. போடு உள்ள."

கரையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ரெனிட்டாவும் சிரித்தாள். ஜெனிஷ் வெட்கத்தோடு பேசியை டப்பாவில் போட்டான். கிளாடியஸ் மூடியை இறுக்கிக் கயிற்றால் கட்டினான்.

மறுநாள் உச்சிவேளையில் மீட்புப்பறவை வந்தது. ஆள் ஓட்டாத பொறி அது. ஆபத்துக் குரல் வந்த இடத்துக்குத் தானே பறந்துபோய் ஆளைத் தூக்கிவரும். மணலில் ஜெனிஷை இறக்கிவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு திரும்பிப் போனது.

"மத்தவங்க எங்கலே?" ரெனிட்டா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இருக்காங்கக்கா. நாலு பேரும் கவுந்த படகைப் பிடிச்சிட்டு மெதக்காங்க. நான் கத்துனேன், அது கேக்கல."

அவன் அழுதுகொண்டே சொன்னதிலிருந்து விஷயம் புரிந்தது. எப்போதும் எச்சரிக்கும் டப்பா அன்று எச்சரிக்கவில்லை. காற்று படகைப் புரட்டியபிறகு கிளாடியஸ் டப்பாவைத் திறந்திருக்கிறான். நான்கு ஒண்டிப்பேசிகளும் செத்துக் கிடந்தன. ஜெனிஷுடையது மட்டும் எரிந்தது. சொந்தக்காரன் முகத்தைப் பார்த்தால்தான் அது வாய் திறக்கும். "உன்னோடதுலே, நீயே கூப்பிடு" என்று அவன் கையில் கொடுத்திருக்கிறான். ஒரு பேசி, ஒரு குரல், ஒரு ஆள். பொறி அந்த ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டது.

ரெனிட்டா மீட்பு மையத்தை அழைத்தாள்.

"அந்தப் பகுதியில் வேறு குரல் எதுவும் பதிவாகவில்லை, அம்மா" என்றது மறுமுனை.

"நாலு உசுரு கெடக்குய்யா! பேசி செத்துப்போச்சு, ஆளு சாகல!"

"குரல் வராமல் பறவை கிளம்பாது, அம்மா. தயவுசெய்து அவர்களுடைய பேசியிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள்."

அவள் வைத்துவிட்டாள். நீரோட்டம் அவர்களை எங்கே இழுத்துப் போயிருக்கும் என்று தெரிந்தால் ஊர்ப் படகுகளே போகும். தன் பேசியை மாதா சிலை இருக்கும் கெபியின் முன்னால் சிமெண்டுத் தரையில் வைத்தாள். பக்கத்து வீட்டு சகாயம் தன்னுடையதை அதன்மேல் வைத்தாள். பிறகு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அடுப்படியிலிருந்தும் வலைக்கூடத்திலிருந்தும் ஓடிவந்து குவித்தார்கள். ஊரின் ஒண்டிப்பேசிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கணக்குப் போட்டன. மேலே கிடந்த ஒன்றின் திரையில் கடல் விரிந்தது. ஜெனிஷைத் தூக்கிய இடத்திலிருந்து ஒரு கோடு தெற்கே வளரத் தொடங்கியது.

ஜெனிஷ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, இதையும் வைங்க. இதுக்குப் பலம் ஜாஸ்தி."

எல்லோரும் வழிவிட்டார்கள். அவன் தன் பேசியைக் குவியலின்மேல் வைத்தான்.

கோடு நின்றது. ஓரத்தில் கிடந்த பேசிகளின் திரைகள் ஒவ்வொன்றாக மங்கின. ரெனிட்டா குவியலைத் தொட்டாள். தோசைக்கல்போலச் சுட்டது. ஜெனிஷின் பேசி மட்டும் குளிர்ந்து, பளிச்சென்று இருந்தது. அது வாங்கும்; கொடுக்காது. இத்தனை நாளும் அது ஒத்தையாக நின்று ஓடுவதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"எடுலே" என்றாள்.

 டப்பாவுக்குள் இரவு முழுக்க என்ன நடந்திருக்கும் என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. பேசியை எடுத்துக்கொண்டு நடந்தான். கோடு அசையவில்லை. இன்னும் நடந்தான். அலைதடுப்புக் கற்களின் கடைசி முனைக்குப் போனபிறகுதான் கோடு மறுபடி நகர்ந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை.

படகுகள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போயின. கணக்குத் தப்பவில்லை. கோடு முடிந்த இடத்திலேயே டப்பா மட்டும் மிதந்தது. மூடியைத் திரும்பவும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், கிளாடியஸின் முடிச்சு. உள்ளே நான்கு பேசிகளும் நனையாமல் இருந்தன. கயிற்றின் மறுமுனையில் ஒரு மணிக்கட்டு அளவுக்குச் சுருக்கு. அதில் கை இல்லை. மூன்று நாள் தேடினார்கள்.

ஜெனிஷ் இப்போது உள்ளூரில் இல்லை. ஐந்து ஒண்டிப்பேசி சேர்ந்தால் ஒரு முத்திரைப்பேசிக்கு ஈடு என்று கடைக்காரர்கள் இன்றும் சொல்லித்தான் விற்கிறார்கள். அது பொய்யில்லை.

ரெனிட்டா கிளாடியஸின் பேசியை விடாமல் சார்ஜில் போடுகிறாள். அதில் யாரும் அழைப்பதில்லை. சில மதியங்களில், மாடத்தில் சும்மா கிடக்கும்போதே அது சுடும். அவள் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். வெளியூரிலிருந்து வந்த யாராவது முத்திரைப்பேசியை உயர்த்திப் பிடித்துக் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.