ஸ்பீக்கர் சரியான பிறகும்

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

நூலக மாடியில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்ய மழையில் நனைந்தபடி வந்து நின்ற மெக்கானிக்கிடம் அப்பா கேட்ட முதல் கேள்வியே அதுதான். அவளுக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

"இன்னும் இல்லைங்க," என்றான் அவன், நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு.

"இவ என் பொண்ணு. மருந்துக்கடையில வேலை. தங்கமான பொண்ணு. கோபம்தான் கொஞ்சம் வரும்."

"அப்பா..."

அவன் சிரித்தான். சிரிப்பு முதலில் கண்ணுக்கு வந்து, பிறகுதான் உதட்டுக்கு வந்தது... அதைப் போய் எதற்குக் கவனித்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல்.

மறதி நோய் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் புதன்தோறும் நூலக மாடியில் வட்டமாக உட்கார்ந்து பழைய பாட்டுகளைப் பாடுவார்கள். அப்பாவுக்குக் காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். இரண்டாவது சரணம் மட்டும் மறக்கவே மறக்காது.

அடுத்த புதன் ஸ்பீக்கர் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் அவன் வந்தான். அப்பா புதிதாகப் பார்ப்பதுபோல் அதே கேள்வியைக் கேட்டார். அவனும் புதிதாகக் கேட்பதுபோல் அதே பதிலைச் சொன்னான். மூன்றாவது வாரமும்... நான்காவது வாரமும்...

ஐந்தாவது வாரம் மாடிப்படியில் அவனை மறித்தாள்.

"எங்கப்பாவை வேடிக்கை பாக்கவா வாரா வாரம் வர்றீங்க?"

"ஐயோ, இல்லைங்க..."

"அவர் மறந்துடுவார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அவரை விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல. இந்த விளையாட்டு இதோட போதும்."

அவன் படியிறங்கிப் போனான்.

ஆறாவது புதன். மறுபடி மழை. அப்பா பாடவில்லை. தன் பாட்டுத் தாளைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குப்பா இடம் பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

"தெரியலம்மா... யாரோ வரணும்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தானும் வாசலைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்? ஸ்பீக்கர் பெட்டியில் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கரில் அவன் நம்பர் இருந்தது. வீம்பை விழுங்கிக்கொண்டு அழைத்தாள்.

"ஸ்பீக்கர்... ரிப்பேர்."

"என்ன ஆச்சு?"

"சத்தமே வரல."

அவள் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் மாடியே அதிரப் பாடிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அவனுக்கும் அந்தப் பாட்டு கேட்டிருக்கும்.

"இதோ வர்றேங்க."

பத்தே நிமிடத்தில் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். அவளைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் பேசினான்.

"எங்கம்மாவும் இப்படித்தான் கேட்டதையே கேப்பாங்க. 'இப்பதானே சொன்னேன்'னு எரிஞ்சு விழுவேன். இப்போ கேக்க அம்மா இல்ல. உங்கப்பா கேட்டப்போ, எத்தனை தடவை வேணும்னாலும் பதில் சொல்லணும்னு தோணுச்சு. அதுக்காகத்தான் மறுபடி வந்தேன்... முதல் ரெண்டு வாரம்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்களுக்காக வந்தேன். உங்களைப் பிடிச்சிருக்குங்க. அப்பாவை விட்டுட்டு வாங்கன்னு ஒருநாளும் சொல்ல மாட்டேன்."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அதற்குள் அப்பா நாற்காலியிலிருந்த தாளை எடுத்து அவனுக்கு இடம் விட்டார்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவன் வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"இன்னும் இல்லப்பா. ஆனா பொண்ணு பாத்தாச்சு."

"அப்படியா? யாரு பொண்ணு?"

"நான்தான்ப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்த மலர்ச்சியை அவள் பல வருடமாகப் பார்த்ததில்லை. இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு நல்ல சேதிய முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?"

"அடுத்த வாரமும் சொல்றேன்ப்பா," என்றாள் அவள்.